வட்டமாக வரைந்த செவ்வாய்

மகனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எல்லாரும் கடிதத்தைத் தொடங்குகிறார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் நலம் என்றுதான் பதில் எழுதுவாய், அதை நான் நம்பப்போவதில்லை. போன கோடையில் அப்படித்தான் எழுதினாய். பட்டணத்திலிருந்து வந்த நம் ஊர் ஆள் ஒருவர் சொல்லித்தான் நீ மஞ்சள் காமாலையில் படுத்துக்கிடந்தது எனக்குத் தெரிந்தது. அம்மா பயப்படுவாள் என்று மறைத்தேன் என்றாய். பயப்படுவேன்தான், அதற்கென்ன. நீ மறைத்தாய் என்று தெரிந்தபிறகு, நீ உண்மையாகவே நலமாக இருக்கும் நாளிலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, வாயை ஒட்டாமல்தான் அனுப்பப்போகிறேன். தபால்காரர் படித்தால் படிக்கட்டும். உன்னோடு அறையில் இருக்கிற பையன்கள் படித்தால் அவர்களும் படிக்கட்டும். நம் குடும்பத்தில் மூடி வைத்த சங்கதி ஒன்று என்ன பாடு படுத்தியது என்று நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்லும்படி ஆகிவிட்டது.

பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிறவள் ஒரு தாயா என்று கேட்பாய். என் பிழைப்பு அப்படி. இந்தச் செஞ்சி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க வந்த நாளிலிருந்து எனக்கு யாரும் ஒரே தடவையில் உண்மை சொன்னது கிடையாது. மாதம் எட்டு என்பார்கள், வயிற்றைத் தொட்டால் ஒன்பது முடிந்திருக்கும். வலியே இல்லை என்று சிரிக்கிறவளுக்குத்தான் நான் வெந்நீர் வைப்பதற்குள் தலை தெரியும். குழந்தை பிறந்தபிறகோ வேறு கூத்து. "ராகு காலத்துல பொறந்துடுச்சி நர்சம்மா, கொஞ்சம் தள்ளி எழுதிக்கயேன்" என்று பெண்ணின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் தள்ளி எழுதினதே இல்லை. ஆஸ்பத்திரி கடிகாரத்தைத் துணியில் சுற்றிக் கூடையில் எடுத்துப்போவேன், அது காட்டுவதைச் சொல்லிவிட்டு வருவேன். இந்தப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு என்னைப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொண்டூர் வாத்தியார் மகள் அலமேலுவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்னபோது நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன். சம்மதம் என்று நினைத்துக்கொண்டாய். சம்மதம் எங்கே, நான் வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சந்தைக்கு வந்தால் பின்னாலேயே போனேன். ரேஷன் சர்க்கரைக்கு வரிசையில் நின்றபோது யாரையாவது முந்துகிறாளா என்று பார்த்தேன். கிழவிகளிடம் எப்படிப் பேசுகிறாள், பிச்சை கேட்கிறவனை எப்படி விரட்டுகிறாள், எல்லாம் பார்த்தேன். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் பார்த்தேன். பிறகுதான் வாத்தியார் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டேன்.

வாத்தியார் நல்லவர், ஆனால் ஊருக்குப் பயந்தவர். "பையனோட அப்பா வழிப் பெரியவங்க வந்து பாயில ஒக்காரணும் நர்சம்மா. அவங்க இல்லாம நான் பொண்ணக் குடுத்தா நாளைக்கு எம்பொண்ணுக்கு இன்னா மரியாத" என்றார். உன் அப்பா வழியில் பெரியவர் என்றால் அனந்தபுரத்துப் பெரியப்பா ஒருவர்தான். அவருக்கு ஆள் அனுப்பினோம். பெண்ணின் ஜாதகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏழாம் வீட்டில் செவ்வாய், நான் வரமாட்டேன், ஒருமுறை பட்டது போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏழில் செவ்வாய் இருக்கிறவள் புருஷனை விழுங்குவாள் என்பதுதான் கணக்கு. அலமேலுவுக்கு இதனாலேயே ஏற்கெனவே சில இடங்கள் தட்டிப்போயின என்று உனக்கும் தெரியும்.

அலமேலுவின் ஜாதகத்தை எழுதிய ஜோசியர் என்னிடம் வந்து பல்லைக் காட்டினார். "பிரசவம் பாத்தது நீதானே நர்சம்மா. கடியாரம் கொஞ்சம் வேகமா ஓடிச்சின்னு ஒரு வார்த்த சொல்லு. லக்கினம் மாறிப்பூடும், செவ்வா தானா நகந்துடும்." அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அலமேலு பிறந்த அன்று ஐப்பசி மழையில் தொண்டூருக்கு மாட்டு வண்டியில் போய், விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் அந்தப் பெண்ணை என் கையில் வாங்கினேன். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. அவள் லக்கினம் விருச்சிகம், அதில் மாற்றமில்லை.

லக்கினத்தை நான் நகர்த்தவிட மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நீ செவ்வாயையே நகர்த்தப் பார்த்தாய்.

நீ காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது லீவுக்கு வந்திருந்தாயே, அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார். கொல்லையில் துணி உலர்த்துகிற கயிற்றைக் காணோம். உன்னையும் காணோம். ஒரு பரீட்சையில் மார்க் குறைந்துபோய் நீ இரண்டு நாளாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாய். வயசுப்பிள்ளையும் கயிறும் சேர்ந்து காணாமல் போனால் பெற்றவளுக்கு என்ன தோன்றும் என்று உனக்குப் பிள்ளை பிறந்தால் தெரியும். மாரில் அடித்துக்கொண்டு ஓடினேன். செட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் காய்ந்த தரையில் குந்திக்கொண்டிருந்தாய். தரையில் இரண்டு முளை அடித்து, என் கயிற்றின் இரண்டு நுனியையும் அவற்றில் கட்டி, தொய்வான நடுப்பகுதியை ஒரு குச்சியால் இழுத்துப் பிடித்து மண்ணில் கோடு கீறிக்கொண்டே சுற்றி வந்தாய்.

"இன்னாடா பண்ற கயித்த வச்சிக்கினு?"

"செவ்வா போற பாதையை வரையறேம்மா. நீ ஏன் இப்பிடி மூச்சு வாங்க ஓடியார?"

துணி உலர்த்த வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றேன். நீ நம்பிவிட்டாய். அப்போது எனக்கு வந்த அழுகையை அடக்கத்தான் அந்தக் கோட்டைப் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன், வான சாஸ்திரம் கற்றுக்கொள்ளும் ஆசையில் இல்லை.

ஆனால் நீ சொன்னது எனக்குப் பிடித்துப்போனது. கிரகங்கள் போகிற பாதை வட்டமில்லை, நீள்வட்டம் என்றாய். கயிறு எவ்வளவு நீளமோ பாதை அவ்வளவு பெரிது. முளைகள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ பாதை அவ்வளவு சப்பை. கயிற்றை மாற்றாமல் முளையை மட்டும் விலக்கி விலக்கி வரைந்து காட்டினாய், பூசணிக்காய் மாதிரி இருந்தது வெள்ளரிக்காய் மாதிரி ஆகிக்கொண்டே போனது. ஒரு தடவை சுற்றி வர எத்தனை காலம் ஆகும் என்பது கயிற்றைப் பொறுத்தது, சப்பையாக இருந்தாலும் உருண்டையாக இருந்தாலும் கயிறு ஒன்றானால் காலமும் ஒன்று என்றாய். அதை நான் உடனே நம்பவில்லை, இரண்டு மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். நீ சலித்துக்கொள்ளாமல் சொன்னாய்.

ஒரு முளையைக் காட்டி இதுதான் சூரியன் என்றாய். இன்னொன்றைக் காட்டி, "இந்த மொளயில யாரு இருக்கறது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லம்மா. காலி."

"யாரும் இல்லாத எடத்துக்கு இன்னாத்துக்கு மொள?"

"அது இல்லன்னா பாதை வட்டமாப் பூடும். கிட்ட வர்றது, தூரப் போறது எதுவும் இருக்காது."

உன் அப்பா போனபிறகு நான் எப்படிச் சுற்றி வந்தேன் என்று அந்தக் காலி முளையைப் பார்த்தபோது தோன்றியது. உன்னிடம் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

பூமிக்கு இரண்டு முளைக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம், முழு நீளத்தில் அறுபதில் ஒரு பங்குதான் என்றாய். செவ்வாய்க்கு அப்படியில்லை, பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. ஆனாலும் கண்ணால் பார்த்தால் செவ்வாயின் பாதையும் வட்டமாகத்தான் தெரியும், சூரியன் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றாய். பார்வைக்கு வட்டமாக இருந்துகொண்டு ஏமாற்றுகிற ஒன்று வானத்திலும் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஒரு திருப்தி. சூரியனுக்குக் கிட்டே வரும்போது கிரகம் வேகமாகப் போகும், தூரத்தில் இருக்கும்போது மெதுவாகப் போகும் என்றும் சொன்னாய். மாமியார் உட்கார்ந்திருக்கிற வாசலை மருமகள் கடக்கிற மாதிரி என்று நான் சொன்னேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இருட்டுகிறவரை அங்கேயே இருந்தோம். அன்றைக்கு மாதிரி நீ என்னோடு பேசி எத்தனையோ காலம் ஆகிறது.

இதெல்லாம் உனக்கு மறந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் மறந்திருப்பேன் என்று நீ நினைத்தாய்.

போன மாதம் உன் தபால் வந்தது. பெரிய தடித்த காகிதத்தில் படம், பக்கத்தில் பொடி எழுத்தில் கணக்கு. அலமேலு பிறந்த நாளில் செவ்வாய் எங்கே இருந்தது என்று நீயே கணக்குப் போட்டாயாம். பழைய பஞ்சாங்கம் தப்பாம். செவ்வாய் ரிஷபத்தில் இல்லையாம், மேஷத்தின் கடைசியில் இருக்கிறதாம். விருச்சிக லக்கினத்துக்கு மேஷம் ஆறாம் வீடு, தோஷம் இல்லை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு, "இதைப் பெரியப்பாவிடம் காட்டினால் போதும், நீ ஒன்றும் விளக்க வேண்டாம்" என்று.

நீ ஒன்றும் விளக்க வேண்டாம் என்று என்னிடம் யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா?

முதலில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. வானிலை ஆபீசில் இரண்டு வருஷமாகக் கணக்குப் போடுகிற பிள்ளை, பஞ்சாங்கத்தைவிட இவன் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வேண்டிய விடை வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஊசி குத்தி நூல் கட்டித்தான் நீ வரைவாய் என்று தெரியும், அதனால் துளைகளைத் தேடினேன். நடுவில் சூரியன், ஒரு துளை. அதை ஒட்டினாற்போல் இன்னொரு துளை, அது பூமியின் பாதைக்கு. சரி. செவ்வாய்ப் பாதைக்கான இரண்டாவது துளை கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். தேடினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன், காகிதத்தைத் திருப்பிப் போட்டு விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை. வட்டமாகவே சுற்றிவிட்டிருக்கிறாய்.

அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று உனக்காக நானே வாதாடினேன். அவசரத்தில் விட்டவன் பூமிக்கும் அல்லவா விட்டிருப்பான். அறுபதில் ஒரு பங்குக்குத் துளை போட்டவனுக்குப் பத்தில் ஒரு பங்கு மறந்துபோகுமா? அப்புறம் ஆஸ்பத்திரிக் கொல்லையில் நானே இரண்டு ஆணி அடித்து, கட்டுப் போடுகிற நாடாவைக் கட்டி, நீ காட்டிக்கொடுத்தபடியே வரைந்து பார்த்தேன். ஆயாம்மா எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சிரித்தாள். எனக்கு உன்னளவு கணக்கு வராது. ஆனால் இவ்வளவு புரிந்தது. கும்பத்துப் பக்கம்தான் செவ்வாய் சூரியனுக்குக் கிட்டே வருகிறது என்று உன் காகிதத்திலேயே எழுதியிருக்கிறாய். அதைத் தாண்டி மேஷத்துக்கு வருகிறது என்றால் அதுவரை வேகமாக வந்திருக்கிறது. ஒரே வேகத்தில் வட்டமாக வந்திருந்தால் எங்கே இருக்குமோ, அதைவிட முன்னால்தான் இருக்க முடியும், பின்னால் இருக்க முடியாது. அங்கே முன்னே பின்னே வித்தியாசம் ஒரு ராசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே போகும் என்று அன்றைக்குக் குளத்தங்கரையில் நீதான் சொன்னாய். மேஷத்தின் கடைசியில் நீ கொண்டுபோய் வைத்த செவ்வாய் அவ்வளவு முன்னால் போனால் எங்கே போகும்? ரிஷபத்துக்குத்தான். ஏழாம் வீட்டுக்குத்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே அனுப்பிய அந்த ஜோசியர் எழுதியதுதான் சரி, கணக்கில் பி.ஏ. படித்த என் பிள்ளை எழுதியது பொய்.

கோபத்தில் இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. செவ்வாய் மனுஷனைக் கொல்லும் என்று நான் நம்புகிறேனா? இல்லை. உனக்கும் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவன் அதற்காக எதற்கு ஒரு பொய்க் கணக்குப் போட வேண்டும்? இல்லாத பூதத்துக்குப் பயந்து இருக்கிற பாதையை மாற்றி வரைந்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனி நீ கேட்டிராததைச் சொல்கிறேன். உன் அப்பா இறந்தபிறகு பெரியப்பா நம்மை வீட்டைவிட்டு அனுப்பினார், செவ்வாய் தோஷம் என்று சொல்லி அனுப்பினார், அவர் கல்நெஞ்சுக்காரர் என்றுதான் உனக்குத் தெரியும். நானும் அப்படியே விட்டுவிட்டேன். முழுசும் அது இல்லை. எனக்கு எட்டில் செவ்வாய், அதுவும் தோஷம்தான். என்னைப் பெற்ற நைனா, வந்த சம்பந்தம் தவறிவிடுமே என்று ஜோசியரைப் பிடித்து அதை ஒன்பதுக்கு மாற்றி எழுதி வாங்கினார். அவர் கெட்டவர் இல்லை. என்மேல் உயிர். எனக்கே தெரியாமல்தான் செய்தார். உன் அப்பாவும் நானும் நன்றாகத்தான் வாழ்ந்தோம், உனக்கு மூன்று வயது முடிகிறவரை. அப்புறம் அவருக்கு விஷ ஜுரம் வந்தது. அப்போது செஞ்சிக்குத் தூக்கி வர வண்டி கிடைக்கவில்லை.

பிணத்தை வாசலில் போட்டிருந்தபோது என் நைனா ஓடி வந்து மண்ணில் விழுந்து புரண்டார். "நான்தான் மாத்தி எழுத வச்சேன், நான்தான் மருமவன கொன்னுட்டேன்" என்று ஊரே கேட்க அழுதார். ஜுரத்தில் செத்த மனிதனைத் தான் கொன்றதாக அவர் உண்மையாகவே நம்பினார். சாகிறவரை அப்படியே நம்பினார். பெரியப்பா அப்போது சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "இருக்குதுன்னு சொல்லியிருந்தா கட்டினா கட்றோம், இல்லன்னா இல்ல. மறச்சி வச்சி எந்தம்பிய பலி குடுத்துட்டீங்களே." தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். அந்த வீட்டில் அதற்குமேல் நான் வாயைத் திறக்க முடியவில்லை. நான் அழுதால் நடிப்பு, அழாவிட்டால் அழுத்தம். நான் கொடுத்த தண்ணீரைக்கூட மோந்து பார்த்துக் குடித்தார்கள். செவ்வாய் என்னை ஒன்றும் செய்யவில்லை மகனே. மறைத்ததுதான் என்னைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியது. உன் தாத்தாவை நீ வெறுத்துவிடக்கூடாது என்றுதான் இதை உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நீ அதையே அலமேலுவுக்குச் செய்தாய். நாளைக்கு உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால், இன்னொரு கணக்குக்காரன் வந்து உன் காகிதத்தைப் பார்த்தால், பதில் சொல்ல வேண்டியவள் அவள். நீயா வந்து பதில் சொல்வாய்?

காகிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அனந்தபுரம் போனேன். அந்த வீட்டு வாசலை மிதித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரியப்பா களத்தில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். கிழவராகிவிட்டார்.

"இன்னாம்மா, உம்மவன் பெரிய கணக்கு போட்டு அனுப்பிச்சிருக்கானாமே. வாத்தியார் சொன்னாரு" என்றார்.

"போட்டிருக்கான் மாமா. அது தப்புக் கணக்கு. தெரிஞ்சே போட்டது. பொண்ணுக்கு ஏழுலதான் செவ்வா."

கையில் இருந்த மல்லாட்டையைக் கீழே போட்டார். "இத்த சொல்லவா பஸ் ஏறி வந்த?"

"ஆமா. அந்தப் பொண்ணத்தான் எம்மவன் கட்டிக்கப் போறான். வர்றதுன்னா தெரிஞ்சி வாங்க. வரலன்னா அதுவும் தெரிஞ்சே இருக்கட்டும். ஒருத்தர் மேலயும் பின்னால பழி வரக் கூடாது."

கீழே போட்டதைக் குனிந்து பொறுக்கினார். "உங்கப்பன் அன்னிக்கு இப்பிடி வந்து நின்னு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "தண்ணி கொண்டாங்க" என்றார். வாங்கிக் குடித்தேன். கிளம்பும்போது, "பாப்பம்" என்றார். வருவார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் அவர் வந்து பாயில் உட்காரும்வரை நான் நம்பமாட்டேன்.

அனந்தபுரத்திலிருந்து வீட்டுக்கு வராமல் நேரே தொண்டூர் போனேன். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அலமேலு மட்டும் வீட்டில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, முளை, துளை, வட்டம், நீள்வட்டம், எதையும் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"தெரிஞ்சேதான் பண்ணாரா அத்த?"

"தெரிஞ்சேதான்."

"ஏழுல இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா இன்னா. சின்ன வயசுலேர்ந்து அதான் கேட்டுக்கினு இருக்கறேன். அவரு அதத் தெரிஞ்சிதான் என்னக் கேக்கறாருன்னு நெனச்சேன். அப்புறம், கணக்கு போட்டுப் பாத்துட்டேன், ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதனாரு." கொட்டை எடுக்கிற கை நின்றது. "அன்னிக்கு நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன் அத்த. எம்மேல ஒண்ணும் இல்ல, இத்தினி நாளா சும்மா சொல்லியிருக்காங்கன்னு எங்கம்மா படத்துக்கு முன்னாடி நின்னு அழுதேன்."

அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கியவள் நான். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. உன்னை அங்கேயே நிற்கவைத்து நாலு அறை விட வேண்டும் போல இருந்தது.

"செவ்வாவுக்கு நான் பயப்படல அத்த. அவரு பயந்துட்டாரு பாருங்க, அதான். நாளைக்கு எனக்கு ஒடம்புல ஒண்ணுன்னா, கொழந்தைக்கு ஒண்ணுன்னா, அப்பவும் இப்பிடித்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்வாரா? நான் எப்பிடித் தெரிஞ்சிக்கறது?" என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "அவர நம்பலாமா அத்த?"

உன்னைப் பெற்றவள் நான். ஊரில் யாரைக் கேட்டாலும் தன் பிள்ளையைப் பற்றி அந்தக் கேள்விக்கு ஒரு தாய் யோசிக்காமல் ஆமாம் என்பாள். எனக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அது உண்மையா, அல்லது இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நான் அவளிடம் சொல்கிற ஒரு பொய்யா என்று எனக்கே தெரியவில்லை.

"தெரியல பாப்பா" என்றேன்.

அவள் அழவில்லை. "அப்ப அவரையே வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி புளியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

லீவு கிடைக்கவில்லை என்று எழுதாதே. படமும் கணக்கும் ஒன்றும் கொண்டுவராதே. அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்து நீயே சொல். நான் கூட வரமாட்டேன், உனக்காக ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். அவள் வேண்டாம் என்றால் அதுதான் முடிவு. வேண்டும் என்றால், என்ன சொன்னாய் என்று திரும்பி வந்து என்னிடமும் சொல். அவள் கேட்டதற்குப் பதில் எனக்கும் தெரிய வேண்டியிருக்கிறது.

அம்மா